எடதுகால் அண்ணி

என் அண்ணியை வேன் ஸ்டாண்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'எடதுகால்' என்றுதான் சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏதோ உடம்புக் குறை என்று நினைத்துக்கொண்டு, ஐயோ பாவம் என்ற முகத்தோடு அவர் காலைப் பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அந்தக் காலுக்கு என்ன குறை? அதைப் போல ஒரு கால் அந்த ஸ்டாண்டில் எவனுக்கும் இல்லை.

நான் அவருக்கு நாத்தனார். அவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையும் எனக்குத்தான். வீட்டிலும் அவர் பக்கத்தில், வண்டியிலும் அவர் பக்கத்தில். இப்படி நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு திரியும் அண்ணியும் நாத்தனாரும் இன்னும் ஒருவர் குடுமியை ஒருவர் பிடிக்கவில்லையே என்று எங்கள் உறவுக்காரர்களுக்குப் பெரிய வருத்தம்.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என் அண்ணன் பெயின்டர். மூன்று மாடி உயரத்தில் சாரத்தின்மேல் நின்றுகொண்டு பாட்டுப் பாடுவான். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தால் இரண்டாவது ஸ்டாப்பிலேயே வாந்தி எடுப்பான். வண்டி என்றால் அவனுக்கு அவ்வளவு பயம். அண்ணிக்கோ வண்டி என்றால் உயிர். பங்க்கிலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடத்தில் சின்ன மேடு ஒன்று இருந்தது. டீசல் போட்டுக்கொண்டு போகிறவர்கள் அந்த மேட்டில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவருக்கு வேடிக்கை. ஒருவர் வண்டி குதித்துக்கொண்டு ஏறும், ஒருவர் வண்டி பின்னால் வழியும், ஒருவர் வண்டி உதறி நின்றுபோகும். வீட்டுக்கு வந்து வெங்காயம் அரிந்துகொண்டே அதையெல்லாம் நடித்துக் காட்டுவார். வெங்காயம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

பங்க்கில் டீசல் போட வரும் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே பேசி வைத்து ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு கனரக வண்டிக்கும் லைசன்ஸ் வாங்கினார். அதைக் கையில் வாங்கிய அன்று என் அண்ணன் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினான். தன் படத்தைவிட அவர் படம் அதில் நன்றாக இருப்பதாகவும் சொல்லிக்கொண்டான். அவனிடம் லைசன்ஸே கிடையாது.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. அடிவாரத்தில் வேன் ஸ்டாண்டும் டீக்கடையும். அங்கிருந்து ஒரே மூச்சாக ஏறும் ஒரு குறுகலான தெரு. இரண்டு பக்கமும் வீடுகள். நடுவில் எங்கேயும் சமதரை இல்லை. ஏறுவதற்கு மட்டும்தான் அந்தத் தெரு, இறங்குவதற்குப் பின்பக்க ரோடு. தெருவின் சரிபாதியில், இஸ்திரிக்கடைக்கு எதிரே, நீல நிற கேட் போட்ட வீட்டில் கணக்கு டீச்சர் இருக்கிறார். சின்ன வயதிலேயே இரண்டு காலிலும் பலம் போய்விட்டது அவருக்கு. இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். மாலையில் அவருடைய தம்பி பைக்கில் வந்து கூட்டிப்போய்விடுவார். காலையில் தம்பிக்கு ஷிஃப்ட். அதனால் காலையில் எங்கள் வேன்தான். அந்த நீல கேட் முன்னால் வேன் நின்றால்தான் டீச்சருக்கு வேலை.

மேட்டின் நடுவில், பிள்ளைகள் நிறைந்த வேனை நிறுத்தி, டீச்சர் ஏறும்வரை பிடித்து வைத்து, மறுபடி கிளப்புவது என்பது சும்மா இல்லை. அண்ணி அந்த ஸ்டாண்டுக்கு வந்த புதிதில் எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். ஸ்டாண்டில் மூத்த டிரைவர் மீசைக்காரர். அவர் டீக்கடையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, அண்ணியின் வேனுடைய பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வைத்தார்.

"ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. டம்ளர் ஒடையாம வண்டிய எடு பாப்போம்" என்றார்.

அண்ணி எடுத்தார். எடுத்ததோடு விடவில்லை. கொஞ்சம் ஏறி, அப்படியே வண்டியை அந்தரத்தில் பிடித்துவைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒடைஞ்சுதா அண்ணே?" என்று கேட்டார். பிரேக்கில் கால் இல்லை. கிளட்ச்சைப் பாதி விட்டு, பாதி பிடித்து, அந்த இடது காலாலேயே அவ்வளவு பெரிய வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் ஓடிவந்து டம்ளரை எடுத்து வேட்டியில் துடைத்தார். அன்றிலிருந்து அண்ணிக்கு அந்த டம்ளரில்தான் டீ. வேறு யாருக்கும் அதில் ஊற்ற மாட்டார். பெயரும் அன்று விழுந்ததுதான்.

ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து மேடு ஏறுகிறவன் டிரைவரே இல்லை என்பது அந்த ஸ்டாண்டின் எழுதாத சட்டம். அந்த லிவரை இழுக்கும்போது வரும் 'கரகரகர' சத்தம் மேட்டில் கேட்டால் போதும், கீழே டீக்கடையில் சிரிப்பு எழும். "யாருக்கோ கால் நடுங்குதுடோய்" என்பார்கள்.

பழைய வேன் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. அது கிழட்டு டீசல் வண்டி. வேகம் போகாது. புகை தள்ளும். ஆனால் அடியில் இழுவை அப்படி. ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம், கிளட்ச்சை மெல்ல விட்டாலே போதும், முனகிக்கொண்டே மேட்டில் ஏறும். அந்தரத்தில் பிடித்து வைத்தாலும் இஞ்சின் நிதானமாகத் 'தடதட' என்று ஓடிக்கொண்டிருக்கும். அது செத்துப்போனதும் முதலாளி புது வேன் வாங்கினார். பளபளவென்று இருந்தது. கதவு தள்ளினால் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. நேர் ரோட்டில் பறந்தது. மேட்டில் மட்டும் முதல் நாளே உதறிக்கொண்டு நின்றுபோனது.

பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். அண்ணி வேனில் ஏறிய காலத்திலிருந்து அவர் கையில் வண்டி நின்றுபோய் நான் பார்த்ததே இல்லை. காது சிவந்துவிட்டது அவருக்கு.

அடுத்த நாளிலிருந்து ஆக்ஸிலேட்டரை அமுக்கிப் பிடித்தார். இஞ்சின் கத்தினால் வண்டி நிற்கும், சத்தம் குறைந்தால் உதறும். டீச்சர் ஏறும் வரை அப்படியே கத்த விட்டுக்கொண்டு நிற்பார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் மேட்டில் ஏதோ எரிகிற நாற்றம். இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னார். "அக்கா, பழைய வண்டிக்கு அடியிலயே இழுவை. இதுக்கு ஓட்டம் ஏறினாத்தான் இழுவை. சின்ன இஞ்சின். நீங்க அத முடுக்கிவிட்டு ஹாஃப் கிளட்ச்லயே நிக்கறீங்க. பிளேட் தேயாம என்ன பண்ணும்? அங்க நிக்கறப்ப ஹேண்ட்பிரேக் போடுங்க."

"நானா?" என்றார் அண்ணி. அந்த ஒரு வார்த்தையோடு சரி. மெக்கானிக் தலையை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

எனக்கும் அப்போது மெக்கானிக்மேல்தான் கோபம். என் அண்ணியைப் பார்த்து ஹேண்ட்பிரேக் போடச் சொல்கிறானே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடமும் சொன்னேன். அவன், "பிளேட்டுல கோளாறு இருக்கும்" என்றான். பிளேட் வட்டமா சதுரமா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இரண்டாவது பிளேட்டும் அதேபோல் போனது. போன விதம்தான் வேறு.

அன்று காலை வேன் நிறையப் பிள்ளைகள். நீல கேட் முன்னால் நிறுத்தினோம். டீச்சர் ஒரு ஊன்றுகோலை வழக்கம்போல் என் கையில் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். இஞ்சின் கத்திக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் இன்னும் ஏறியது. கூடவே அந்த எரிகிற நாற்றம். வண்டி பின்னால் வழிந்தது.

நான் டீச்சரை இடுப்போடு சேர்த்து அணைத்து உள்ளே இழுத்தேன். இரண்டு பேரும் வேனின் தரையில் விழுந்தோம். அவர் கக்கத்திலிருந்த இன்னொரு ஊன்றுகோல் வெளியே விழுந்தது. அண்ணி பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார். ஆனால் அதற்குள் முன்சக்கரம் அதன்மேல் ஏறிவிட்டது. 'மடக்' என்று ஒரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

டீச்சர்தான் முதலில் வாய் திறந்தார். "எனக்கு ஒண்ணும் ஆகல. பிள்ளைங்க பயந்து போயிருக்கு, அவங்கள பாருங்க" என்றார். குரல் திடமாகத்தான் இருந்தது. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் சில்லிட்டிருந்தன.

அண்ணி இறங்கிவந்து சக்கரத்துக்கு அடியில் கிடந்ததைப் பார்த்தார். ஒரு டம்ளரை உடைக்காமல் பெயர் வாங்கியவர் அவர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

முதலாளி வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் பயந்துபோன மனிதர் கோபப்படுவதுபோல் கோபப்பட்டார்.

"ஏம்மா, இந்த ஸ்டாப்பே வேண்டாம். டீச்சர் கீழ ஸ்டாண்டுக்கு வந்து ஏறட்டும். நேரா உச்சிக்குப் போய் நிறுத்து."

"கீழ எப்படி வருவாங்க? அந்த சரிவுல கோல ஊனி இறங்க முடியுமா? மழை பேஞ்சா?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? இன்னொரு தடவை இப்படி வழிஞ்சு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஸ்டாப்ப எடுக்காதீங்க. என்னை வேணா எடுத்துருங்க" என்றார் அண்ணி.

முதலாளி என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து என்ன பிரயோஜனம்? நான் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன். கடைசியில் சொன்னார்: "ஆண்டுப் பரீட்சை முடியற வரைக்கும் பாக்கறேன். புது பிளேட் போடறேன். பரீட்சை முடிஞ்சதும் கழட்டிப் பாப்போம். அதுக்குள்ள இதுவும் போச்சுன்னாலோ, போற நிலைமையில இருந்தாலோ ஸ்டாப் கிடையாது. டீச்சர் வேற வழி பாத்துக்கட்டும்."

வேற வழி என்று ஒன்று இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அந்தச் சரிவில் ஆட்டோக்காரர்கள்கூட நிறுத்த மாட்டார்கள். ஸ்டாப் போனால் டீச்சருக்குப் பள்ளிக்கூடமே போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது ஊன்றுகோல் ஒன்றை வாங்கிக்கொண்டு அண்ணி டீச்சர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். டீச்சர் காபி கொடுத்தார், ஊன்றுகோலின் உயரத்தைச் சரிசெய்தார், நடந்து பார்த்தார். அண்ணி ஏதோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, பாதியில் தடம் மாறி, "இனிமே இன்னும் உஷாரா புடிக்கறேன் டீச்சர். என் கால் எப்பவும் ஏமாத்தாது. அன்னிக்கு பிளேட்தான் ஏமாத்திருச்சு" என்றார்.

டீச்சர் உட்கார்ந்தார். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நீங்க அப்படிப் புடிச்சு வெச்சிருக்கறப்ப வண்டி நடுங்கும். பழைய வண்டியும் நடுங்கும். உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாது. படியில ஒத்தைக் கால வெக்கறவளுக்குத் தெரியும். அந்த நடுக்கம் என் கால்லேர்ந்து தலை வரைக்கும் ஏறும். நான் தினமும் பயந்துகிட்டேதான் ஏறினேன். சீக்கிரம் ஏறித் தொலைச்சிரணும்னு பதறிக்கிட்டே ஏறுவேன்."

அண்ணி காபி டம்ளரைக் கீழே வைத்தார். நான்தான் கேட்டேன். "இத்தனை வருஷமா ஏன் டீச்சர் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்க அண்ணிக்கு அதுல அவ்வளவு பெருமை. ஊரே பெருமையா பேசுது. எனக்காக யாரும் நிறுத்தாத எடத்துல நிறுத்தறாங்க. நிறுத்தற விதம் புடிக்கலன்னு நான் சொல்வேனா?"

வீட்டுக்கு வந்தோம். மத்தியானம் என் அண்ணன் ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தான், நடக்கவில்லை. சாயங்காலம் முதலாளி வீட்டில் சாவி வாங்கிக்கொண்டு வந்து, "வாடி" என்றார். இருவரும் காலி வேனை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனோம்.

நீல கேட் வருவதற்குச் சற்றுக் கீழே நிறுத்தி, அந்த லிவரைப் பிடித்து இழுத்தார். 'கரகரகர.' ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே யாரும் இல்லை. இருந்தாலும் அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கியர நியூட்ரல்ல போட்டாச்சு. வலது கால் பிரேக்குல. எடதுகால் கீழ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் இடது கால் தானாக மேலே ஏறி கிளட்ச்சின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"அண்ணி, கால்!" என்றேன்.

இறக்கினார். கியர் போட்டு, கொஞ்சம் முடுக்கி, கிளட்ச் கவ்வும் இடம் வந்ததும் லிவரை விட்டு, வண்டி நகர்ந்தவுடன் காலை முழுசாக எடுக்க வேண்டும். அதுதான் கணக்கு. இவர் லிவரை விட்ட பிறகும் பாதிக் காலைக் கிளட்ச்சிலேயே வைத்திருந்தார். பழகிய கால், லேசில் விடுமா?

"கால்!"

"தெரியுதுடி."

"தெரிஞ்சா எடுங்க."

உலகத்தில் எந்த நாத்தனாருக்கும் இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்காது. அண்ணியை நாள் முழுக்க அதட்டலாம், அண்ணியே அதற்கு நன்றியும் சொல்வார். நான் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன். நேர் ரோட்டில் போகும்போதும் கால் கிளட்ச்சின்மேல் சாய்ந்திருந்தால் "கால்!" என்பேன். சிக்னலில் "கால்!" என்பேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதுகூட மேஜைக்கு அடியில் அந்தக் கால் எதையோ மெல்ல மிதித்துக்கொண்டிருக்கும். அங்கேயும் "கால்!" என்பேன். என் அண்ணன் திடுக்கிட்டுத் தன் காலை மடக்கிக்கொள்வான்.

பள்ளிப் பிள்ளைகள் விடுவார்களா? ஒரே வாரத்தில் அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். நீல கேட் நெருங்கும்போது வேன் முழுக்கக் கழுத்தை நீட்டி அண்ணியின் இடது காலையே பார்க்கும். அது கொஞ்சம் அசைந்தால் போதும், "கால்!" என்று கூரை பிய்த்துக்கொள்ளும். அண்ணி கண்ணாடியில் முறைப்பார். அதுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

ஸ்டாண்டில் சிரித்த சிரிப்பு வேறு. முதல் நாள் காலை மேட்டில் 'கரகரகர' கேட்டதும் கீழே டீக்கடை கப்சிப் என்றானது. யாருடைய வண்டி என்று அவர்களால் நம்ப முடியவில்லை. பிறகு மீசைக்காரரின் குரல் கேட்டது. "எடதுகாலுக்கு வயசாயிருச்சுடோய்!" கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் இறங்கிப்போய் அவர் மீசையைப் பிடித்து இழுக்கலாம்போல் இருந்தது. அண்ணி லிவரை விட்டார், காலை எடுத்தார், ஏறினார். அவ்வளவுதான்.

திரும்பி வந்து டீக்கடையில் நின்றபோது கடைக்காரர் பழக்கமான டம்ளரில் டீயை நீட்டினார்.

"இது வேண்டாம். எல்லாருக்கும் குடுக்கற டம்ளர்லயே குடுங்க" என்றார் அண்ணி.

கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். வீணாகப் போகக் கூடாதே என்று அந்த டீயை நான் வாங்கிக்கொண்டேன். அந்தக் காலை வழிக்குக் கொண்டுவரக் கத்திக்கொண்டிருப்பவள் நான்தானே? அன்றிலிருந்து அந்த டம்ளர் என்னுடையது.

மழைக்காலம் வந்தது. மீசைக்காரருடைய முதலாளியும் அதற்குள் அதே மாதிரிச் சின்ன இஞ்சின் வேனை வாங்கிவிட்டிருந்தார். ஒருநாள் காலை நல்ல மழை. தெருவில் தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. டீச்சர் ஏறி உட்கார்ந்து, ஊன்றுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் மீசைக்காரரின் வேன். அதற்கும் முன்னால் ஒரு குப்பை வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் மேட்டில் அப்படியே நிற்க வேண்டியதாயிற்று.

மீசைக்காரர் தன் வண்டியை அந்தரத்தில் பிடித்தார். இஞ்சின் கத்தியது. எங்கள் அண்ணி 'கரகரகர' என்று இழுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டுவிட்டு, கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து முன்கண்ணாடியின் ஆவியை நிதானமாகத் துடைத்தார். இடது கால் தரையில் இருந்தது. நான் சொல்லாமலே.

குப்பை வண்டி நகர்வதற்கு முன்பே முன்னாலிருந்து அந்த நாற்றம் வந்துவிட்டது. மழையையும் மீறி மீசைக்காரரின் வண்டிக்கு அடியிலிருந்து புகை. மெல்ல வழிய ஆரம்பித்தவர் பிரேக்கை மிதித்து, சுவரோரமாகச் சக்கரத்தை ஒடித்து நிறுத்திவிட்டார். வழி கொஞ்சம்தான் இருந்தது. ஈர ரோடு, முழு வண்டி, பக்கத்தில் சாக்கடை. அண்ணி கியர் போட்டார். இஞ்சினை அளவாக முடுக்கினார். கிளட்ச் கவ்வியதும் வண்டியின் மூக்கு லேசாக எழுந்தது. லிவரை விட்டார். கால் முழுசாகக் கீழே வந்தது. ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மீசைக்காரரைச் சுற்றிக்கொண்டு ஏறினோம். பிள்ளைகள் கத்தின கத்தலில் உச்சியிலிருந்த வாட்ச்மேன் பயந்துபோய் கேட்டைத் திறந்துவிட்டார்.

மீசைக்காரரின் வேன் நிறையப் பிள்ளைகள் இருந்தார்களே என்று, எங்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அண்ணி பின்பக்க ரோட்டில் இறங்கிச் சுற்றிவந்து, அவர்களையும் இரண்டு நடையாக ஏற்றிக்கொண்டு போனார். மீசைக்காரர் நனைந்துகொண்டு நின்றார். நான் எதையும் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருந்தது, அண்ணி என் கையைக் கிள்ளிவிட்டார்.

சில நாள் கழித்து டீக்கடையில் மீசைக்காரர் அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றார். குரலை இறக்கி, "ஏம்மா, அந்த லிவர எந்த நேரத்துல விடற?" என்றார்.

"வண்டி மூக்கத் தூக்கறப்ப அண்ணே. அதுக்கு முன்னால விட்டா வழியும். அதுக்கப்பறம் விட்டா பிளேட் தேயும்."

"ம்" என்றார். டீயைக் குடித்து முடித்தார். அடுத்த நாள் மேட்டில் இரண்டு தடவை 'கரகரகர' கேட்டது. ஒன்று எங்களுடையது. கீழே யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பவர்களுக்குத் தலைவரே மேலே இருந்தார்.

ஆண்டுப் பரீட்சை முடிந்தது. சொன்னபடி முதலாளி வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினார். மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கினார். முதலாளி ஒரு ஸ்டூலில், அண்ணி சுவரோரம், நான் அண்ணிக்குப் பக்கத்தில். டீச்சருக்கு வர ஆசை, வர முடியாது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார். முந்தின இரண்டு பிளேட்டும் கருகி, ஆணி தெரியத் தேய்ந்து, கையில் எடுத்தால் பொடி உதிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மெக்கானிக் பிளேட்டை எடுத்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதை முதலாளியின் கையில் கொடுத்தார். முதலாளி விரலால் அதன் ஓரத்தைத் தடவினார். மறுபடி தடவினார்.

"இது நாம போட்ட அதே பிளேட்தானா?"

"அதே பிளேட்தான்யா. இன்னும் ரெண்டு பரீட்சை ஓடும்."

முதலாளி அதை அண்ணியிடம் நீட்டினார். "ஸ்டாப் இருக்கட்டும்" என்றார். அதோடு போகாமல், "புதுசா ஓட்ட வர்றவன் எவனா இருந்தாலும் முதல்ல உன்கூட ஒரு நடை வரணும்னு சொல்லியிருக்கேன்" என்றும் சொன்னார்.

அண்ணி பிளேட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதேன், அது என் வழக்கம். டீச்சருக்குப் போன் போட்டு அண்ணியிடம் கொடுத்தேன். "இருக்கு டீச்சர்" என்றார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளேட்டை மறுபடி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

என் அண்ணன் மட்டும் அன்று சாயங்காலம் தெரு முழுக்க அந்தப் பிளேட்டைப் பற்றியே பேசினான். அது வட்டமாக இருக்கும் என்பது இப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். நீல கேட் முன்னால் வேன் நின்றது. 'கரகரகர.' டீச்சர் ஊன்றுகோலை என் கையில் கொடுத்தார், கைப்பிடியைப் பிடித்தார், ஒரு காலைப் படியில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். வீட்டுப் பக்கம் திரும்பி, "டேய், அடுப்ப அணைச்சேனான்னு பாரு!" என்று அன்று ஷிஃப்ட் இல்லாமல் வீட்டில் இருந்த தம்பிக்குக் குரல் கொடுத்தார். உள்ளிருந்து பதில் வந்தது. காதில் விழவில்லை என்று மறுபடி கேட்டார். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்து இடுப்பில் செருகிக்கொண்டார். எதிரே இஸ்திரிக்கடைக்காரரிடம் லீவு எப்படிப் போனது என்று விசாரித்தார். ஒற்றைக் கால் படியில், இன்னொரு கால் தரையில். பதறி ஏறியே பழகிய மனுஷி அவர். வேன் அசையவில்லை.

பின்னால் ஒரு கார்க்காரர் ஹாரனை அமுக்கினார். நிறுத்தாமல் அமுக்கினார்.

அண்ணி ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார்.

"டீச்சர் ஏறிட்டிருக்காங்க" என்றார். "ஏறினதும்தான் வண்டி போகும்."